பூம்பாறையில் அடை வைத்த முட்டைகள் ஏன் பொரிக்கவில்லை?

வணக்கம். சமவெளியிலுள்ள வத்தலக்குண்டிலிருந்து வாங்கி வந்து அடை வைத்த 12 முட்டைகளில் மூன்றே பொரித்தன, மற்றவற்றில் குஞ்சு முழுதாக வளர்ந்தும் ஓட்டுக்குள்ளேயே இறந்துகிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவை கரு கூடாத கூமுட்டைகள் அல்ல என்பதால் சேவலைக் குறை சொல்ல வழியில்லை. என் சந்தேகம் உயரத்தின் மீதுதான். கொடைக்கானல் மலையில் உங்கள் பூம்பாறையைப் போல, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டரை ஒட்டிய இடத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் விரைவாக வெளியேறுகிறது, வளரும் குஞ்சுக்கு ஆக்சிஜனும் குறைவாகவே கிடைக்கிறது. இதைச் சமவெளிக் கோழியின் முட்டையைவிட மலையிலேயே பழகிய கோழியின் முட்டை நன்றாகத் தாங்கும்.

ஆகவே அடுத்த முறை அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கிடைக்கும் முட்டைகளை, இட்ட ஏழு நாட்களுக்குள் அடை வையுங்கள். கூடையின் அடியில் சற்று ஈரமான மண்ணைப் பரப்பி அதன்மேல் வைக்கோல் போடுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு, எவ்வளவு ஆவலாக இருந்தாலும், முட்டைகளைத் தொடாதீர்கள்.

மார்ச், ஏப்ரலில் உருளைக்கிழங்கு நடப்போவதாகச் சொன்னீர்கள். கோழி எருவைப் பச்சையாக இடாமல் நன்கு மட்கவைத்தே இடுங்கள். பாத்திகளுக்கு முன்னதாகவே வலை கட்டிவிடுங்கள். குஞ்சுகளோடு இரை தேடும் தாய்க்கோழி எங்கள் பீன்ஸ் விதைப்பு முழுவதையும் ஒரே காலையில் கிளறிப்போட்டது.