துகள் போகாத இடம்

அன்புள்ள ஐயா,

சீரான காந்தப்புலத்தில் எலக்ட்ரான் வட்டமோ சுருளோ போடும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தேன். பூமியின் காந்தப்புலத்தில் அதே எலக்ட்ரான் கேயாஸாகவும், அதாவது கணிக்க முடியாத தாறுமாறாகவும், அலையலாம் என்கிறார்கள். விசை ஒன்றுதானே? சமன்பாடு தெரிந்தும் கணிக்க முடியாதென்றால் இதைத்தானே விதி என்கிறோம்?

க.

அன்புள்ள க.,

விதியை விடுங்கள். இயற்பியல் கொஞ்சம் முரண்டு பிடித்ததும் தத்துவத்துக்குள் ஓடி ஒளிவது கெட்ட பழக்கம்.

விசை ஒன்றுதான், புலம்தான் சீராக இல்லை. துகள் சுற்றும் வட்டம் சிறிதாக இருக்கும்வரை ஒழுங்காகப் போகும். வட்டம் பெரிதாகி, ஒரு சுற்று முடிவதற்குள் புலமே மாறிவிட்டால் தொடக்கத்தில் இருந்த துளி வித்தியாசம் பாதையை எங்கோ கொண்டுபோய்விடும்.

கல்லூரியில் நானும் இதைக் கேட்டேன். "சீரான புலம்னு எழுது, அதுக்குத்தான் மார்க்" என்றார் ஆசிரியர். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்று அவர் கார்ல் ஸ்டோர்மரின் பெயரையாவது சொல்லியிருக்கலாம்.

ஸ்டோர்மர் நார்வேக்காரர், கணிதர். மாணவராக இருந்தபோது சட்டைக்குள் கேமராவை ஒளித்துவைத்து, தெருவில் போவோர் வருவோரைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்தவர். பிர்க்லாண்ட் என்ற நார்வே இயற்பியலாளர் வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையை வைத்து, எலக்ட்ரான்களைப் பாய்ச்சிக் துருவ வானில் மின்னும் துருவ ஒளியைக் குட்டியாகக் காட்டினார். அதில் மயங்கிய ஸ்டோர்மர் அந்தப் பாதைகளைக் கணக்கிட உட்கார்ந்தார். கணினி இல்லாத காலம். பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, அவரும் மாணவர்களும் ஆயிரக்கணக்கான மணிநேரம் கையாலேயே போட்டார்கள். பொதுத் தீர்வு அகப்படவில்லை.

அதற்காக அவர் கையை விரிக்கவில்லை. புலம் அச்சைச் சுற்றி ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால், ஆற்றலோடு கோண உந்தம் போன்ற இன்னொரு அளவும் மாறாமல் நிற்கும். இந்த இரண்டை வைத்தே, துகள் நுழையவே முடியாத பகுதிகளை வரைந்துவிட்டார். தொழுவத்து மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. வேலிக்கு வெளியே மேயாது என்று சொல்லலாம் அல்லவா? 'கணிக்க முடியாது' என்றதும் 'எதுவுமே தெரியாது' என்று எழுதுகிறீர்களே, அது சோம்பேறித்தனம்.

1958இல் எக்ஸ்ப்ளோரர் செயற்கைக்கோள்களில் போன, துகள்களை எண்ணும் கைகர் கருவி சில உயரங்களில் பூஜ்யம் காட்டியது. துகள் இல்லாமல் அல்ல, எண்ணித் திணறி. அங்கே, அப்படியொரு வேலிக்குள் சிக்கிச் சுற்றும் துகள்களைத்தான் வான் ஆலன் பட்டைகள் என்கிறோம். முந்தைய ஆண்டுதான் ஸ்டோர்மர் இறந்திருந்தார்.

உங்களிடம் மடிக்கணினி இருக்குமே. துளி வித்தியாசத்தில் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுப் பாருங்கள். துருவத்தருகே காலப்படியை, அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் இடையே விடும் நேரத்தை, சிறிதாக்குங்கள். இல்லாவிட்டால் கணக்கில் ஆற்றல் கசியும். அதையும் கேயாஸ் என்று எனக்கு எழுதி அனுப்புவீர்கள்.