கராஜை ஸ்டுடியோ ஆக்க வீட்டு பாண்டில் கை வைக்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பகலில் மாதச் சம்பள வேலை. மற்ற நேரத்தில் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, பாடி, பின்னறையில் சின்னதாக ஒரு லேபிள், அதாவது பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடும் நிறுவனம், நடத்துகிறேன். கல்யாணக் கச்சேரி, கோயில் விசேஷம், ஸ்ட்ரீமிங் எல்லாம் சேர்த்துப் போன வருஷம் 84,000 ராண்ட் வந்தது. வீட்டு பாண்டில், அதாவது வீட்டுக் கடனில், கூடுதலாகக் கட்டி வைத்ததிலிருந்து 1,50,000 ராண்ட் எடுத்து கராஜை ஸ்டுடியோ ஆக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நம்ம பணம்தானே என்று தோன்றும், ஆனால் எடுத்த நிமிஷமே அது மறுபடியும் கடன். வட்டி 10.5 சதவீதம், இன்னும் 20 வருஷம் பாக்கி என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 1,500 ராண்ட்தான் கூடும், கூட்டிப் பாருங்கள், கடைசியில் 3,60,000 ராண்ட் கிட்டக் கட்டியிருப்பீர்கள். அப்புறம் அந்த 84,000 வரவுதான், லாபம் இல்லை. மிருதங்கக்காரருக்குக் கொடுத்தது, பெட்ரோல், மிக்ஸிங் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கடனுக்கு முன்னால், வர வேண்டிய பணம் முழுதும் வருகிறதா என்று பாருங்கள். ஆள் நீங்கள் ஒருவர்தான், ஆனால் பாட்டுக் கணக்கில் மூன்று பேர்: எழுதியவர், பாடியவர், ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரரான லேபிள். ரேடியோவில் உங்கள் பாட்டு ஒலித்தால் எழுதியவர் பங்கு சாம்ரோ (SAMRO) என்ற உரிமைத்தொகை வசூல் சங்கம் வழியாக வரும், பாடியவருக்கும் லேபிளுக்கும் உள்ள பங்கு சாம்ப்ரா (SAMPRA) என்ற இன்னொரு சங்கம் வழியாக வரும், அதனால் அங்கே பாடகராகவும் லேபிளாகவும் இரண்டு வகையிலும் பதிய வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் மெட்டுக்கும் பாட்டு வரிகளுக்கும் உரிய மெக்கானிக்கல் ராயல்டி, அதாவது பாட்டைப் பிரதி எடுப்பதற்கான உரிமைத்தொகை, காப்பாசோ (CAPASSO) என்ற சங்கத்திடம். உங்கள் பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் மாதாமாதம் அனுப்புவது ஒலிப்பதிவுக்கான காசு மட்டுமே, அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்து வருஷக்கணக்கில் பாதியை விட்டவர்கள் உண்டு. யூடியூபில் வரிப் படிவம் நிரப்பினீர்களா? நிரப்பாவிட்டால் அமெரிக்க வரி என்று 24 சதவீதம் வரை மொத்த வருமானத்திலும் பிடிப்பார்கள்.

அடுத்து சார்ஸ் (SARS), அதாவது வரித்துறை விஷயம். சம்பளத்தில் வரி பிடிப்பதால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது, லேபிள் வருமானம் இருந்தால் நீங்கள் புரொவிஷனல் வரிதாரர், அதாவது வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே வரி கட்டுபவர், ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் கட்ட வேண்டும். கையில் வரும் ஒவ்வொரு தொகையிலும் கால் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

கராஜ் செலவை வரிக் கணக்கில் கழிக்கலாமே என்பீர்கள். சில செலவுகளைக் கழிக்கலாம்தான், அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே, அதுவும் தவறாமல் பயன்பட்டால். சாயங்காலம் பிள்ளைகள் அங்கே டிவி பார்த்தால் அந்தச் சலுகை போச்சு. வீட்டை விற்கும்போது அந்தப் பகுதிக்கு மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்தின் மீதான வரி) விலக்கும் குறையும், இதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை.

நல்ல மைக் ஒன்றை வருமானத்திலிருந்தே வாங்குங்கள். பிப்ரவரி முடிந்ததும் மிச்சக் கணக்கோடு எழுதுங்கள், மாதம் அந்த 1,500ஐ உங்கள் சம்பளத்தைத் தொடாமல் லேபிளே தாங்கும் என்றால் கராஜைப் பற்றிப் பேசுவோம்.