காலை வாரியவரா?

கேள்வி: 2010ல் மெஸ்ஸியின் காலை வாரிய செக் நாட்டு முரடர் உஜ்ஃபலூசியை நல்ல ஆட்டக்காரர் என்று சொல்ல முடியுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: முதலில் பெயர். செக் மொழியில் ‘ஜே’ எழுத்துக்கு ‘ய’ ஒலி. ஆகவே டோமாஷ் உய்ஃபாலுஷி. ஹங்கேரிய வழிப் பெயர், ‘புது ஊர்க்காரர்’ என்று பொருள். இங்கே பிறந்திருந்தால் புதூரார் ஆகியிருப்பார். திட்டுவதாக இருந்தாலும் பெயரைச் சரியாகச் சொல்லித் திட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் பிடிவாதம்.

அப்புறம், ‘காலை வாரிய’. கூடவே இருந்து, சிரித்துப் பேசி, ஆள் அசந்த நேரம் பார்த்துக் கவிழ்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். உய்ஃபாலுஷி செய்தது அதுவல்ல. செப்டம்பர் 19, மாட்ரிட், விசென்டே கால்டெரோன் மைதானம். உய்ஃபாலுஷி ஆடிய அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிராக மெஸ்ஸியின் பார்சிலோனா 2-1 முன்னிலை. ஆட்டம் முடிகிற நேரம். பந்துக்குப் பாய்ந்த உய்ஃபாலுஷியின் பூட்ஸ் மெஸ்ஸியின் வலது கணுக்காலில் இறங்கியது. மெஸ்ஸியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். மோசமான தப்பாட்டம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சிவப்பு அட்டை, இரண்டு ஆட்டத் தடை. மனிதர் வருத்தமும் தெரிவித்தார்.

காலை வாரியது என்றால் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கால்பந்துப் போட்டியின் 2004 அரையிறுதியைச் சொல்லுங்கள். நெட்வெட், ரோசிட்ஸ்கி, பரோஷ் இருந்த செக் அணி, அதுவரை ஆடிய நான்கு ஆட்டங்களையும் வென்று வந்தது. போர்ட்டோவில் கிரீஸுடன் 90 நிமிடம் கோலே இல்லை. பின்களத்தில் உய்ஃபாலுஷி. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் ஒரு கார்னர், கிரீஸின் டெல்லாஸ் தலையால் முட்டினார், கோல்! அப்போது ‘வெள்ளி கோல்’ என்றொரு விதி இருந்தது. அந்தப் பாதி முடியும்போது யார் முன்னிலையோ அவரே வென்றவர். திருப்பி அடிக்க நேரமே இல்லை, கதை முடிந்தது. அந்தப் போட்டியோடு அந்த விதியையும் தூக்கிவிட்டார்கள். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

விளையாட்டுப் பக்கம் எழுதும் நண்பர்களோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. கோல் அடித்தவர் பெயர் தலைப்பில் வரும். தடுத்தவர் பெயர், அட்டை வாங்கினால்தான் வரும். விக்கெட் கீப்பருக்கும் இதே கதிதான். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பிடித்ததெல்லாம் போய்விடும், நழுவவிட்ட ஒரு கேட்ச் மட்டும் பத்து வருடம் பேசப்படும்.

சரி, மெஸ்ஸி விவகாரத்துக்கு நாலு மாதம் முன்னால், மே 12, ஹம்பர்க். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் இறுதி, அட்லெட்டிகோவுக்கு எதிரே இங்கிலாந்தின் ஃபுல்ஹாம். 2000 முதல் 2004 வரை ஹம்பர்க் அணிக்காக உய்ஃபாலுஷி ஆடிய அதே மைதானம். வலது பின்களத்தில் 120 நிமிடமும் நின்றார். 116வது நிமிடத்தில் அட்லெட்டிகோவின் ஃபோர்லான் வெற்றி கோலை அடித்தார். 1962க்குப் பிறகு அட்லெட்டிகோவுக்குக் கிடைத்த முதல் பெரிய ஐரோப்பியக் கோப்பை அது. மறுநாள் தலைப்பு ஃபோர்லானுக்கு; நியாயம்தான், இரண்டு கோலும் அவருடையவை. ஆனால் அந்த 120 நிமிடம்?

நாட்டுக்காக 78 ஆட்டம், இத்தாலியின் ஃபியோரென்டினாவில் நான்கு பருவம், கலாட்டசராயோடு 2012ல் துருக்கி லீக் பட்டம். நல்ல ஆட்டக்காரர்தான். காரைக்குடிக்காரரே, அந்த ஹம்பர்க் ஆட்டத்தைத் தேடி முழுதாகப் பாருங்கள். கண்ணைப் பந்தின் மேல் வைக்காமல் வலது ஓரத்தில் வையுங்கள்.