வறுமையும் ஒட்டுறவின்மையும் தீராத நோய்களா?

“வறுமையும், ஊருக்குள் ஒட்டுறவு இல்லாததும் என்றைக்கும் மாறாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக மாறாது, மாற்ற முடியும்.

மதுரையில் பூக்கட்டி விற்கும் ஒரு பெண், தினவசூல் கடனான தண்டலில் 10,000 ரூபாய் எழுதினால் கைக்கு வருவது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இரண்டு நாள் மழையில் வியாபாரம் படுத்தால், பழைய பாக்கியை அடைக்கப் புதுத் தண்டல். உழைப்புக் குறைந்து அல்ல, இந்தக் கணக்கால்தான் அவர் எழ முடிவதில்லை. பத்துப் பதினைந்து பேர் வாரம் தவறாமல் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்தால், வட்டி குழுவுக்கே திரும்பும். ஆறு மாதம் கணக்கு ஒழுங்காக இருந்தால் வங்கியும் ஈடில்லாமல் கடன் தரும். கணக்கு நோட்டு ஒருவர் கையிலேயே கிடந்தால் சந்தேகம் வந்து குழு உடையும். ஆள் மாற்றி எழுதுங்கள்.

ஆனால் குழுக்கள் தெருவாரியாக, அதாவது சாதிவாரியாகத்தான் பெரும்பாலும் அமைகின்றன. அங்கே சேமிப்பு போதாது, அரசு இறங்கியே ஆக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்தாண்டு முறையாகத் தேர்தல் நடக்க ஆதிக்க சாதியினர் விடவில்லை, 2006-இல்தான் நடந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் பட்டியல் சாதியினரைப் பிரித்து 1989-இல் எழுந்த சுவரில், அரசு நிர்வாகம் ஒரு பகுதியை இடித்து 2008 மே மாதம்தான் வழி திறந்தது. அவர்கள் அந்த ஊர்க் கோயிலுக்குள் போக 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.