தோப்பை விற்க வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

கேள்வி: என் பையனுக்கு ஆறு வயசு, தலசீமியா மேஜர், உடம்பு போதுமான ரத்தத்தை உண்டாக்காத பிறவி நோய். மூணு வாரத்துக்கு ஒரு தடவை தருமபுரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏத்திட்டு வர்றோம். போன மாசம் என் தம்பி ஒரு செய்தி வீடியோ அனுப்பினான். ‘மரபணுவைத் திருத்தி ஒரே ஊசியில் தலசீமியாவுக்கு முடிவு’ன்னு போட்டிருந்தது. மாந்தோப்பை வித்தாவது அந்த ஊசியைப் போட்டுடலாம்னு மாமனார் சொல்றார். மாமியார் வேற சேனல்ல பார்த்துட்டு, மரபணுவை மாத்தினா புள்ள நம்ம ரத்தமே இல்லாமப் போயிடும்னு அழறாங்க. ஊசிதான் வரப்போகுதே, மாத்திரை எதுக்குன்னு வீட்டுக்காரர் சொன்னதால ஒரு மாசமா இரும்பு மாத்திரையும் சரியாக் குடுக்கல. இதுக்கு நடுவுல, தை மாசம் கொழுந்தனுக்கு சொந்தத்துலயே கல்யாணம். எதை நம்பறதுன்னே தெரியல. வீடியோவையும் அனுப்பியிருக்கேன். - ஒரு தாய், காரிமங்கலம்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் இரும்பு மாத்திரை என்று எழுதியிருப்பது உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றுகிற மாத்திரை. ஏற்றும் ரத்தத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதைத் தானாக வெளியே தள்ள நம் உடம்புக்கு வழி இல்லை. கல்லீரலிலும் இதயத்திலும் சத்தமில்லாமல் படிந்துகொண்டே போகும். பையன் ஓடியாடி விளையாடிக்கொண்டுதான் இருப்பான், வலி இருக்காது, அதனால்தான் மாத்திரையை விட்டுவிடத் தோன்றுகிறது. தலசீமியா பிள்ளைகள் பலரின் உயிரைக் குடித்தது இந்த இரும்புதான். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். ஒரு மாதம் விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை. உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து எந்த அளவில் தொடர வேண்டும் என்று அவர் சொல்வார்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். இரண்டு முறை பார்த்தேன், கோபம்தான் வந்தது. ஏணி மாதிரி ஒன்று சுழல்கிறது, கத்தரிக்கோல் வந்து வெட்டுகிறது, உடனே ஒரு வெளிநாட்டுக் குழந்தை சிரிக்கிறது. அந்தக் குழந்தைக்குத் தலசீமியாவே கிடையாது! 2025இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சிகிச்சை பெற்ற கே.ஜே. என்ற குழந்தை அது. அவனுக்கு இருந்தது கல்லீரல் சம்பந்தப்பட்ட, மிக அபூர்வமான ஒரு பிறவி நோய். அவன் ஒருவனுக்காகவே மருந்து தயாரித்து, ரத்த நாளத்தின் வழியாக மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். அது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் அவன் முகத்தைத் தலசீமியா செய்தியோடு ஒட்டி, ‘ஒரே ஊசி’ என்று தலைப்பும் வைத்துவிட்டார்கள்.

தலசீமியாவுக்கும் மரபணுத் திருத்தச் சிகிச்சை இருக்கிறது, அது பொய் இல்லை. காஸ்ஜெவி என்று பெயர். பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதித்தது, தலசீமியாவுக்கு அமெரிக்கா 2024 ஜனவரியில் அனுமதித்தது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அதில் வேறு வகை வேலை செய்யும். பிறந்த பிறகு ஒரு மரபணு அதைக் கட்டிப்போட்டுவிடும். நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் மூல செல்களை வெளியே எடுத்து, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அந்தக் கட்டை அவிழ்த்துத் திரும்பச் செலுத்துகிறார்கள். பழைய ஹீமோகுளோபின் மறுபடி ஊறத் தொடங்குகிறது. ஓராண்டுக்கு மேல் கவனித்துக் கணக்கெடுத்த 35 பேரில் 32 பேர், குறைந்தது ஒரு வருடம் ரத்தமே ஏற்றாமல் இருந்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கும் மனம் நிறைந்தது.

ஆனால் வீடியோவில் வராததைக் கேளுங்கள். செல்லை எடுத்துத் திருத்தி வாங்கவே மாதக்கணக்கில் ஆகும். திருத்திய செல்லுக்கு இடம் வேண்டுமென்று ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையில் இருக்கிற பழைய செல்களைக் கீமோ மருந்து கொடுத்து அழிப்பார்கள். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் தனி அறையில் கிடக்க வேண்டும், பின்னாளில் குழந்தைப்பேறுகூடப் பாதிக்கப்படலாம். அப்போது கொடுத்த அனுமதியே 12 வயது நிரம்பியவர்களுக்குத்தான். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். மாமனாரிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். அவசரப்பட்டு அந்தத் தோப்பை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் ஊசியும் வராது, நாளைக்குப் பிள்ளையின் வைத்தியச் செலவுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

மாமியாரின் பயத்துக்குப் பின்னாலும் ஒரு செய்தி இருக்கிறது. 2018 நவம்பரில் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி, கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மரபணுத் திருத்தம் என்றாலே கருவையும் சோதனைக் குழாயையும் காட்டிப் பயமுறுத்துகிற சேனல்கள், எந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசினாலும் அந்தப் படத்தையே போடுகின்றன. கருவில் கை வைத்தால் மாற்றம் வம்சத்துக்கே போகும். காஸ்ஜெவியில் மாறுவது அந்த நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் செல்கள் மட்டும். அது பிள்ளைகளுக்குப் போகாது, முகமோ குணமோ மாறாது. உங்கள் பையன் எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் உங்கள் பையன்தான். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக அவரிடம் சொல்லுங்கள். பேரன் மேல் வைத்த பாசத்தில்தானே அழுகிறார்?

இனிமேல் இப்படி ஏதாவது வந்தால் தம்பியிடம் கேளுங்கள்: எலியிலா, மனிதர்களிலா? எத்தனை பேருக்கு, எந்த வயதினருக்கு? எவ்வளவு காலம் கவனித்தார்கள்? நம் நாட்டில் எங்கே கிடைக்கிறது, என்ன விலை? எந்த நோய்க்கு என்பதையும் கேட்க வேண்டும். 2025 நவம்பரில் நம் நாட்டிலேயே உருவான ‘பிர்சா 101’ என்ற கிரிஸ்பர் சிகிச்சையை மத்திய அரசு அறிவித்தது. டெல்லியில் உள்ள, மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. குறைந்த செலவில் கொண்டுவர வேண்டும் என்பது நோக்கம், நல்ல செய்திதான். ஆனால் அது அரிவாள் செல் ரத்தசோகை என்ற வேறொரு பிறவி ரத்த நோய்க்கு. ரத்த நோய் என்றதும் இதையும் யாராவது உங்களுக்கு அனுப்பக்கூடும்.

இந்தச் சேனல்கள் பேசாத ஒன்று, உங்கள் மகனுக்கு இப்போதே பொருந்தக்கூடியது, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. பல ஆண்டுகளாக நடந்துவருவதால் அதில் ‘உலகிலேயே முதல்முறை’ என்று போட ஒன்றும் இல்லை, அதனால் செய்தியாவதில்லை. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையில் தெரிந்துவிடும். இதிலும் கீமோ உண்டு, ஆபத்தும் உண்டு. சிறு வயதில், கல்லீரலை இரும்பு கெடுப்பதற்கு முன்னால் செய்தால் பலன் நன்றாக இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்: மஜ்ஜை மாற்று சிகிச்சையோ, நாளை மலிவாக வரப்போகும் மரபணுச் சிகிச்சையோ, எதுவானாலும் பையனின் கல்லீரலும் இதயமும் அதைத் தாங்க வேண்டும். அதற்குத்தான் அந்த மாத்திரை.

செலவுக்கு, கோல் இந்தியா நிறுவனம் பணம் தரும் ‘தலசீமியா பால் சேவா யோஜனா’ திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். வருமான வரம்பு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறது. காரிமங்கலத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம்தான். பையனுக்கு உடன்பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் தருமபுரி டாக்டரிடம் கேட்டு, வேலூருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் கல்யாணத்துக்கு வருவோம். உங்கள் பையனுக்கு நோய் வந்தது நீங்களும் உங்கள் கணவரும் இந்தக் குறையை வெளியே தெரியாமல் சுமப்பவர்களாக இருப்பதால்தான். கணவரின் தம்பிக்கும் அது இருக்கலாம், சொந்தத்தில் பார்த்த பெண்ணுக்கும் இருக்கலாம். இருவருக்கும் எச்.பி.ஏ.2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத் தை பிறப்பதற்குள் எடுத்துவிடுங்கள். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்றில்லை. கர்ப்பமான முதல் சில மாதங்களிலேயே கருவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது. பெண் வீட்டில் இதை எப்படிப் பேசுவது என்று தயங்கினால், டாக்டர் எதிரில் இரு வீட்டாரையும் உட்கார வைத்து அவரையே சொல்லச் சொல்லுங்கள்.