"என்னால்தான் வந்ததா, டொக்டர்?" – இந்த மாதக் கேள்விகள்

வந்த கேள்விகளை ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: "இது என்னால் வந்ததா?" வலிப்பைப் பற்றிக் கேட்டவரும் அதைத்தான் கேட்கிறார், பேச்சு வராத பிள்ளையின் அம்மாவும் அதைத்தான் கேட்கிறார். மலைநாட்டு கிளினிக்குகளில் இத்தனை வருடம் பிள்ளைகளைப் பார்த்ததில் இது எனக்குப் பழகிய வரி. கதிரையில் உட்கார்ந்ததும், பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று சொல்வதற்கு முன்பே, தான் செய்த பிழை எது என்று அம்மாமார் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதனால் கேட்ட நோயோடு, கேட்காமல் கேட்ட அந்தக் கேள்விக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் அடித்த ராத்திரி கண் மேலே செருகி, கைகால் இழுத்துக்கொண்டது. அவங்க அப்பா சாவிக்கொத்தைக் கையில் வைத்து அழுத்தினார், நின்றுவிட்டது. லயத்தில் எல்லோரும் காக்காய் வலிப்பு என்கிறார்கள். மழையில் நனைந்து வந்து ஈரத்தோடு பால் கொடுத்தேன், அதனால் வந்ததா? தினமும் மருந்து கொடுக்க வேண்டுமா?

முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா: ஈரத்தோடு பால் கொடுத்ததால் எந்தப் பிள்ளைக்கும் வலிப்பு வராது. நீங்கள் சொல்வது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூறில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. அந்த வயதில் மூளை இன்னும் முதிராததால் காய்ச்சலின் வேகம் சிலருக்கு அதைத் தட்டிவிடுகிறது. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சின்ன வயதில் வந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் "எனக்கும் வந்ததாம்" என்பார்.

சாவியால் அது நிற்கவில்லை. பெரும்பாலான காய்ச்சல் வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. சாவி பரவாயில்லை, கெடுதல் செய்யாது. வாய்க்குள் எதையாவது வைப்பதுதான் எனக்குப் பயம். சில வருடங்களுக்கு முன் ஒரு மழை ராத்திரியில் கொழுந்து லொறியில் ஒரு பெண் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். வலிப்பு வழியிலேயே நின்றிருந்தது, ஆனால் வாயெல்லாம் இரத்தம். நாக்கைக் கடித்துவிடுமென்று யாரோ கரண்டிக் காம்பைத் திணித்திருக்கிறார்கள். முன்பல் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அம்மாவின் கம்பளிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அது அழுதது அந்தப் பல்வலிக்குத்தான்.

மறுபடி வந்தால் பிள்ளையைத் தரையில் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழியட்டும். அமுக்கிப் பிடிக்க வேண்டாம், தண்ணீர் புகட்ட வேண்டாம். போனை எடுத்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தால், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், நின்ற பிறகும் பிள்ளை தெளியாவிட்டால், கழுத்து விறைத்திருந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். முதல் தடவை வந்த பிள்ளையை எப்படியும் அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் எதனால் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தினமும் மருந்து வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு காலத்தில் கொடுத்தார்கள். காய்ச்சல் வலிப்பு வந்த 217 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. தினமும் பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து கொடுத்தவர்களுக்கு இரண்டு வருடத்தின் பின் அறிவுத்திறன் சோதனையில் மற்றவர்களைவிட எட்டுப் புள்ளிக்கு மேல் குறைவு. வலிப்பும் பெரிதாகக் குறையவில்லை. மூன்றில் ஒரு பிள்ளைக்கு இது இன்னொரு முறை வரலாம். ஆனால் சாதாரண காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை, பின்னாளில் நிரந்தர வலிப்பு நோயாவதும் மிகச் சிலருக்குத்தான். பரசிட்டமோல் கொடுங்கள், பிள்ளையின் உடம்பு நோவு குறையும். வலிப்பை அது தடுக்காது. ஒருவேளை ஏற்கெனவே வலிப்பு நோய்க்கென்று டொக்டர் எழுதித் தந்த மருந்து நடந்துகொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு விஷயம்.

தலவாக்கலை: மகளுக்குப் பதினாறு மாதம். கையிலிருப்பதை வாங்கினால் வீறிட்டு அழுது, மூச்சு நின்று, உதடு நீலமாகி மயங்கிவிடுகிறாள். அரை நிமிடத்தில் சரியாகிவிடுகிறாள். இதுவும் வலிப்பா?

இல்லை. அழுகையில் மூச்சடைக்கும் பழக்கம் என்று சொல்லலாம், ஆனால் பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. மூச்சை நடத்தும் நரம்புகள் இன்னும் பக்குவப்படவில்லை, அவ்வளவுதான். மல்லாத்திப் படுக்க வையுங்கள், உலுக்காதீர்கள். ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் போய்விடும். அழாமலே, ஓடும்போதோ திடுக்கிட்டபோதோ மயங்கினால் மட்டும் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "ரொட்டியைச் சாயத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தால் நன்றாகச் சாப்பிடுவாள்." அந்த இடத்தில்தான் நான் நின்றேன். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த மூச்சடைப்பு கூடுதலாக வருகிறது. இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் குறைகிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், அதிலுள்ள துவர்ப்பு, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேருவது பாதிக்கும் கீழே போய்விடும். தேயிலை பறிக்கிற கைகளுக்கே இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

இரும்பு இரத்தத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். நரம்பைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, கரண்ட் வயருக்கு மேலே ரப்பர் இருக்கிற மாதிரி. அந்த உறை உருவாகவும் இரும்பு வேண்டும், அதுவும் முதல் இரண்டு வருடத்தில். பெட்சி லோசொஃப் என்ற மருத்துவர் கோஸ்டா ரிக்கா நாட்டில், குழந்தைப் பருவத்தில் இரும்புச்சத்து நீண்டநாள் குறைந்திருந்த பிள்ளைகளைப் பத்தொன்பது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார். இரத்தக் குறைவு மருந்தால் சரியான பிறகும் அவர்கள் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. ஆகவே இரத்தம் சோதித்துப் பாருங்கள். இரண்டு வயது வரை சாயத்தண்ணியே வேண்டாம். ரொட்டியைப் பருப்பில் நனையுங்கள். நெத்தலியை வறுத்து இடித்துச் சோற்றில் பிசையுங்கள், ஒரு துளி தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கிளினிக்கில் தருகிற நுண்போசாக்குத் தூளை மறக்காமல் போடுங்கள்.

பண்டாரவளை: மகன் இரண்டரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரலால் காட்டுவதில்லை, இருந்த நாலு சொல்லும் போய்விட்டது. ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார்கள். தடுப்பூசியால் என்கிறார் மாமியார். நான் போனைக் கொடுத்து வேலை பார்த்ததால் என்கிறார் கணவர்.

இரண்டு பேருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இந்தப் பழியை அம்மாவின் தலையில் முதலில் போட்டவர்கள் வைத்தியர்களே. 1943இல் லியோ கனர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை அடையாளம் காட்டினார். பெற்றோரிடம் பாசம் குறைவு என்ற ஒரு குறிப்பும் அவருடைய எழுத்துக்களில் இருந்தது. அது வளர்ந்து, பாசமில்லாத 'குளிர்பெட்டித் தாய்'தான் காரணம் என்று புருனோ பெட்டல்ஹைம் 1967இல் புத்தகமே எழுதும் அளவுக்குப் போனது. எத்தனை அம்மாமார் அதை நம்பி வாழ்நாள் முழுக்க அழுதார்களோ! பெர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964இலேயே இதை மறுத்திருந்தார். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையரைப் பார்த்து, ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில் சில ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருப்பதையும், வேறு வேறு கருமுட்டையில் உருவான இரட்டையரில் ஒரு ஜோடியில்கூட அப்படி இல்லாததையும் காட்டினார்கள். வேர் பரம்பரையில் இருக்கிறது என்று தெரிந்தது அப்போதுதான். தடுப்பூசிக் கதை 1998இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வந்த கட்டுரையால் கிளம்பியது. அந்தக் கட்டுரையை 2010இல் அந்தச் சஞ்சிகையே வாபஸ் வாங்கியது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்விலும் தொடர்பு இல்லை.

போனைக் குறையுங்கள், அது பேச்சுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் போன் ஆட்டிசத்தைக் கொண்டுவரவில்லை. முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். இருந்த சொல் போய்விட்டது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், எந்த மாதத்தில் என்று குறித்துக்கொண்டு போங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை மிட்வைஃபிடம் காட்டி, குழந்தை நல வைத்தியரிடம் அனுப்பச் சொல்லுங்கள். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

பதுளை: வீட்டில் தமிழ், முன்பள்ளியில் சிங்களம். குழம்பிவிடுமா?

குழம்பாது. இரண்டையும் கலந்து பேசினாலும் பயமில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணுங்கள். வீட்டில் உங்களுக்குத் தாராளமாக வரும் தமிழிலேயே பேசுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அம்மாயி: மகள் குவைத்துக்குப் போய் எட்டு மாதம். பேத்திக்கு மூன்று வயது. முதலில் கதவைப் பார்த்துப் பார்த்து அழுதாள். இப்போது அழுவதில்லை. ஆனால் அம்மா வீடியோவில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையோடு போய்விடுகிறாள். மகள் அங்கே அழுகிறாள். பிள்ளை அம்மாவை மறந்துவிட்டதா?

மறக்கவில்லை அம்மா. ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜோன் போல்பியும் 1950களில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் இதையே கண்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோரைப் பிள்ளையோடு தங்கவிட மாட்டார்கள். பிள்ளை முதலில் கத்தி அழும். பிறகு சோர்ந்துபோகும். அதன் பிறகு சாப்பிடும், விளையாடும், யாரிடமும் போகும். நேர்ஸ்மார் "பழகிவிட்டது" என்பார்கள். அம்மா வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆசை தாங்காமல் அதை மூடிக்கொண்ட முகம் அது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பின்னாளில் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜொய்ஸும் அம்மாவைப் பிரிந்த சில பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்து, ஒரே ஆள் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் துக்கம் இருந்தது, ஆனால் உடைந்துபோகவில்லை. உங்கள் பேத்திக்கு அந்த ஒரே ஆள் நீங்கள். இன்றைக்குப் பெரியம்மா வீடு, நாளைக்கு மாமா வீடு என்று மாற்றாதீர்கள். கோல் எடுப்பது ஒரே நேரமாக இருக்கட்டும். "அம்மாவிடம் பேசு" என்று போனை முகத்தில் நீட்டாமல், நீங்கள் பேசுங்கள். அவள் பக்கத்தில் விளையாடிக்கொண்டு கேட்கட்டும். இன்றைக்கு அவள் என்ன சாப்பிட்டாள், எங்கே விழுந்தாள் என்று மகளுக்குச் சொல்லுங்கள். அம்மாவின் பழைய சுவெட்டர் ஒன்று துவைக்காமல் இருந்தால் படுக்கையில் போடுங்கள். "குழப்படி செய்தால் அம்மா வரமாட்டா" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. மகள் வந்த பிறகும் உங்களைவிட்டுச் சட்டென்று பிரிக்க வேண்டாம். ஒரு மாதமாவது மூவரும் ஒன்றாக இருங்கள்.

ஹப்புத்தளை: ஏழு வயது மகன் இன்னும் படுக்கையில் சிறுநீர் போகிறான். அப்பா அடிக்கிறார்.

அடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஆழ்ந்து தூங்கும் பிள்ளைக்குச் சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி எழுப்பும் அளவுக்கு மூளையை எட்டுவதில்லை. ஐந்து வயதில் நூறில் பதினைந்து பிள்ளைகள் இப்படித்தான். பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருக்கும் இருந்திருக்கும். அப்பாவின் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள், பாதி வேலை அதில் முடியும். நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று தொடங்கி, தண்ணீரும் அதிகமாகக் குடித்தால் அன்றைக்கே சீனி சோதிக்க வேண்டும்.

பிள்ளை மடுவத்து (தோட்டக் குழந்தைக் காப்பகம்) ஆயம்மா ஒருவர்: எங்களிடம் இருபதுக்கு மேல் பிள்ளைகள். பலர் வயதுக்கேற்ற உயரமில்லை. திரிபோஷ சத்துமா கொடுக்கிறோம். விளையாட்டுச் சாமான் வாங்க வசதியில்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

இந்த மாதம் எனக்குப் பிடித்த கேள்வி இது. 2016இல் இலங்கை முழுக்க எடுத்த கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 17 வீதம் குட்டையாக இருந்தார்கள். நுவரெலியா மாவட்டத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. எலும்பு மட்டுமா குட்டையாகிறது? அதே பசி மூளையையும் தொடுகிறது.

சலி கிரந்தம்-மக்கிரெகர் என்ற மருத்துவர் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையான, குட்டையான 129 பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேரின் வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு சுகாதார ஊழியர் போவார். அவர் வைத்தியரோ ஆசிரியரோ இல்லை, உங்களைப் போல ஒருவர். வீட்டுச் சாமானில் செய்த விளையாட்டுப் பொருளை எடுத்துப்போய், பிள்ளையோடு எப்படி விளையாடிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டுவார். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதல். சத்துணவு மட்டும் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலன் நிலைக்கவில்லை. அதற்காகத் திரிபோஷவை நிறுத்திவிடாதீர்கள். சோறும் வேண்டும், பேச்சும் வேண்டும்.

ருமேனியாவின் அநாதை இல்லங்களில் 2000இல் தொடங்கிய ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. சாப்பாடு கிடைத்தும், யாரும் முகம் பார்த்துப் பேசாமல் தொட்டிலில் கிடந்த பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பின்தங்கியிருந்தது. இரண்டு வயதுக்குள் குடும்பங்களுக்குப் போனவர்களே அதிகம் மீண்டார்கள். உங்கள் பிள்ளைகள் மாலையில் அம்மாவிடம் போகிறார்கள், அதனால் பயம் வேண்டாம்.

தொடங்க வேண்டியது இவ்வளவுதான். மூடி இறுக்கிய பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் கடலை போட்டால் கிலுகிலுப்பை. பால்மா டின்னில் மரக்கட்டைகளைப் போட்டு எடுக்கலாம். தீப்பெட்டிகளை அடுக்கலாம். விழுங்கும் அளவில் எதுவும் வேண்டாம். இருபது பேரோடும் ஒரே நேரம் விளையாட முடியாது. முகம் கழுவும்போது, சோறூட்டும்போது, சட்டை மாற்றும்போது ஒவ்வொருவருக்கும் தனியாக இரண்டு நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்தில் பெயர் சொல்லி, முகம் பார்த்து, அது "ஆ" என்றால் நீங்களும் "ஆ" என்று பதில் கொடுங்கள். கொழுந்து நிறுத்து முடித்து அம்மா வந்து பிள்ளையைத் தூக்கும்போது, இன்றைக்கு அது புதிதாகச் செய்த ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் எழுதியிருக்கிற, உட்காரவே முடியாத அந்தப் பதினான்கு மாதப் பிள்ளையை மட்டும் விளையாட்டுக்காகக் காத்திருக்க வைக்காமல் இந்த வாரமே மிட்வைஃபிடம் காட்டுங்கள்.