கயிறு பிளக்கப் போகும் மகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

குமரி மாவட்டம் ஈத்தாமொழிப் பக்கம் தேங்காய்த் தும்பு முறுக்கிக் கை காய்த்துப்போன குடும்பம், பிள்ளையாவது தப்பட்டும் என்று படிக்க வைத்தோம். பிளஸ் டூ முடித்த மகளோ பணம் கட்டி ஐந்து நாள் பயிலரங்கில் கயிறு கற்கப் போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அவள் கேட்கும் கயிறு வேறு.

ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் ஒட்டகச் சேணத்தை இறுக்கிக் கட்டும் பட்டையை ஆட்டு முடிக் கயிற்றில் செய்தார்கள். வழக்கமாக ஒரு கயிற்றில் நான்கு புரி, அதாவது சேர்த்து முறுக்கிய நான்கு இழை. அந்தப் புரிகளைப் பிளந்து, இடைவெளி வழியாக அடுத்த கயிற்றை இழுக்க வேண்டும். இதுதான் அவள் சொல்லும் பிளை ஸ்பிளிட்டிங். இரண்டு புரி கறுப்பு, இரண்டு புரி வெள்ளை என்று முறுக்கினால், எந்த நிறம் மேலே தெரிய வேண்டும் என்பதைப் பிளக்கும் இடமே முடிவு செய்யும். தறி தேவையில்லை, கூர்முனைக் கருவி ஒன்று போதும். முறுக்கு தளர்ந்திருந்தால் மட்டும் வேலை கெட்டுவிடும். முறுக்கின் இறுக்கம் உங்கள் விரலுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை அவளுக்கு நினைவுபடுத்துங்கள். பிரிட்டன் நெசவாளர் பீட்டர் காலிங்வுட் ஆராய்ந்து எழுதிய கலை இது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: ஐந்து நாள் பயிலரங்கச் சான்றிதழைக் காட்டினால் யாரும் வேலை தர மாட்டார்கள். அது கைப்பழக்கம், அவ்வளவே. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு மதிப்புத் தரும் வாசல்கள் இருக்கின்றன. நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான தேர்வில், கொடுக்கும் பொருள்களைக் கொண்டு கையால் ஒன்றைச் செய்து காட்டும் கட்டம் உண்டு. சென்னை வளாகத்திலேயே ஜவுளி வடிவமைப்பு இருக்கிறது. நான்கு ஆண்டுகள், செலவு பல லட்சம். கடன் வாங்கும் முன் யோசியுங்கள். எனக்குப் பிடித்தது சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் 3 ஆண்டு டிப்ளமோ. பாவு (நெடுக்கு இழை), ஊடை (குறுக்கு இழை), சாயம், துணிப் பரிசோதனை எல்லாம் அங்கே முறையாகக் கற்கலாம், செலவும் குறைவு. வயது வரம்பு உண்டு, இந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

பயிலரங்கக் கட்டணம் கட்டும் முன் அவள் பொறுமைக்கு ஒரு சோதனை. நாகர்கோவில் வடசேரிப் பக்கம் தறி ஓடும் வீடு ஒன்றைத் தேடிப்பிடித்து, ஒரு வாரம் உட்கார விடுங்கள். இழை அறுந்து முடிச்சுப் போட்டே முதல் மூன்று நாள் போய்விடும். நான்காம் நாளும் அவளே கிளம்பினால் பணத்தைக் கட்டிவிடலாம். பயிலரங்கு நடத்துபவரிடம், கயிற்றையும் நாங்களே முறுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஆயத்தக் கயிறு கொடுத்துப் பை மட்டும் செய்ய வைப்பவர் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அவள் செய்த முதல் துண்டோடு இருவரும் ஒருநாள் வாருங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, பிரித்துவிடாமல் கொண்டு வரச் சொல்லுங்கள்.